அணைத்துவிட்டுப் போங்கள்

சனிக்கிழமை மதியம் என்பது மனிதர்கள் உறங்குவதற்கான நேரம். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதுவும் நவம்பர் மாதத்து ஜெர்மனியில், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வானம் இருட்டுவதற்கு ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிடும்போது, போர்வையை விட்டு வெளியே வருகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். அப்படிப்பட்ட என்னைத்தான் சனிக்கிழமை மதியம் கணினி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

கணவருக்கு வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. நாங்கள் வந்து இரண்டாவது குளிர்காலம் அது. அவர் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்னை அலுவலகத்தில் நாலு பேரை அதட்டி வேலை வாங்கியவள் நான். இங்கே அதட்டுவதற்கு ஆளும் இல்லை, மொழியும் இல்லை. "சார்ஜ் போட்டு மறந்த போன் மாதிரி ஒரே எடத்துல கெடக்குற" என்று கணவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம்தான் ஆசியக் கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால், ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்னைப் பிடித்தார். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளி நடத்துகிறவர் அவர்.

"நீங்கள் கொம்பியூட்டர் படிச்சனீங்கள் எண்டு கேள்விப்பட்டன். பிள்ளையளை வகுப்பில விட்டுப்போட்டு எங்கட சனம் வெளியில சும்மா குந்திக்கொண்டு இருக்குதுகள். அதுகளுக்கு ஏதும் சொல்லிக் குடுங்கோவன்."

"எனக்குப் பொறுமை கம்மிங்க" என்றேன்.

"அதுகளுக்கும் அப்பிடித்தான்" என்றார். பிறகு என்ன சொல்ல முடியும்?

ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான கூடம் அது. கீழ்த்தளத்தில் தமிழ்ப் பள்ளி. மாடியில் ஒரு நீளமான அறை, ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கணினிகள், ஒரு வெள்ளைப் பலகை. ஜன்னலுக்கு வெளியே ஸ்பார்கல் என்ற காய்கறி விளையும் வயல்கள். இந்தப் பக்கத்தில் அந்த வெள்ளைத் தண்டை உயிராகக் கொண்டாடுவார்கள். குளிர் குறையத் தொடங்கியதும் வரப்பு வரப்பாகப் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிடுவார்கள், வெயில் பட்டால் தூரத்தில் ஏரி இருப்பதாகத் தோன்றும். சுவரோரம் ஓடும் வெப்பக் குழாய் மெதுவாக டிக் டிக் என்று சத்தமிடும். அந்தக் குழாய் வழியாகக் கீழேயிருந்து பிள்ளைகள் கத்தும் அ, ஆ, இ, ஈ எல்லாம் மாடிக்கு ஏறி வரும். ஏறி வருவதற்குள் பாதி கரைந்துவிடும். அரைத்தூக்கத்தில் நிற்கும் எனக்கு, அந்த எழுத்துகளெல்லாம் யாரோ குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டு என்னை மட்டும் கூப்பிடுவதாகக் கேட்கும்.

முதல் சில வாரங்கள் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியவில்லை. நான் தமிழோடு ஆங்கிலம் கலந்து பேசுகிறவள். அவர்கள் ஜெர்மன் கலப்பவர்கள். நான் "சேவ் பண்ணுங்க" என்றால் "ஷ்பைஷர்னோ?" என்பார்கள். அழிப்பதற்கு அவர்கள் சொன்ன ஜெர்மன் சொல் என் காதில் 'லோஷன்' என்றுதான் விழுந்தது. ஒரு அம்மா "ஐயோ, எல்லாத்தையும் லோஷன் பண்ணிப்போட்டன்" என்று அலறியபோது நான் அவர் கையைத்தான் பார்த்தேன். போதாக்குறைக்கு ஜெர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். திருச்சியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல்கள் என்னுடையவை, கீழே பார்க்காமல் தட்டும். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் எப்படி வருகிறது பாருங்கள் என்று சொல்லி, வந்திருந்தவர்களைக் குளிரவைக்க 'யாழ்ப்பாணம்' என்று வேகமாக அடித்துக் காட்டினேன். திரையில் 'ஸாய்ஹ்ப்பாணம்' வந்து நின்றது.

"ரீச்சர், ஊரையே மாத்திப்போட்டீங்கள்" என்றார்கள்.

மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்தச் சுழித்த ஏ எழுத்துக்கு ஜெர்மானியர்கள் வைத்திருக்கும் பெயர், தொற்றிக்கொண்டிருக்கும் குரங்கு. என் மாணவிகள் சுருக்கமாகக் குரங்கு என்றார்கள். "முதல்ல பேர், பிறகு குரங்கு, பிறகு மிச்சம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டார்கள். எனக்கே அது பிடித்துப்போய், வீட்டில் கணவரிடம் குரங்கு என்று சொல்லித் திட்டு வாங்கினேன்.

இந்தக் குழப்பத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆங்கிலமும் வேண்டாம், ஜெர்மனும் வேண்டாம், இனிமேல் நல்ல தமிழில் பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். கோப்பு, கோப்புறை, சேமிப்பு, சுட்டி என்று வானொலிச் செய்தி வாசிப்பவள்போல ஒரு மணி நேரம் பேசினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்ததும், "எல்லாரும் கணினியை அணைச்சிட்டுப் போங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. பிறகு முன்வரிசையில் யாரோ களுக் என்றார்கள்.

கடைசி வரிசையில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். முதியோர் இல்லம் ஒன்றில் துணி துவைத்து மடிக்கும் வேலை. பள்ளியில் விடுகிற வயதில் அவருக்குப் பிள்ளை கிடையாது, கம்ப்யூட்டர் படிப்பதற்கென்றே பஸ் ஏறி வருவார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த அக்கா எழுந்தார். நாற்காலியை ஒதுக்கினார். குனிந்து, அந்தப் பழைய திரையை இரண்டு கையாலும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். கன்னத்தை அதன் மேல் வைத்தார்.

"அணைச்சாச்சு ரீச்சர். இனி?"

அறை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்வரிசை அம்மாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "எங்கட பேச்சில லைற்றை நூர்க்கிறது, விளக்கை நூர்க்கிறது. அணைக்கிறது எண்டால் கட்டிப்பிடிக்கிறதெல்லோ. உங்கட ஊரில ரெண்டுக்கும் ஒரே சொல்லோ?"

"ஆமா" என்றேன்.

"அப்ப நீங்கள் எப்பிடிக் கண்டுபிடிக்கிறனீங்கள்?"

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. விளக்கையும் பிள்ளையையும் ஒரே சொல்லால் எப்படி இத்தனை காலம் சமாளித்தோம் என்று எனக்கே தெரியவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் எல்லோரும் சிரித்து ஓய்ந்து கோட்டு மாட்டத் தொடங்கிய பிறகும் அந்த அக்கா கன்னத்தைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அது சூடாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்பும்போது "அணைச்சாச்சோ?" என்று கேட்பதும், ஆளுக்கொரு தரம் திரையைத் தட்டிக்கொடுப்பதும் எங்கள் வகுப்பின் வழக்கமாகிவிட்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின வகுப்பில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரீச்சர், எனக்கு உந்தப் படம் கீறுறது, கணக்குப் போடுறது ஒண்டும் வேண்டாம். ஒரு ஈமெயில் எழுதக் காட்டித் தாங்கோ. காணும்."

'காணும்' என்றால் போதும் என்று பொருள் என்பது எனக்கு அதற்குள் பிடிபட்டிருந்தது. முதலில் எதையோ தொலைத்துவிட்டார் என்று மேசைக்கடியில் தேடியிருக்கிறேன்.

"யாருக்குக்கா?"

தன் போனைத் திறந்து ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினார். ஜெர்மனில் இரண்டே வரி. அம்மா, தயவுசெய்து எனக்குப் போன் போடாதே, சொல்ல இருப்பதை எழுது.

அவருக்கு ஒரே மகள். கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. மகள் கார்ல்ஸ்ரூஹேவில் படித்து, அங்கேயே வேலையும் தேடிக்கொண்டு, ஒரு ஜெர்மன் பையனோடு ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியிருக்கிறாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது கோயில் பந்தியில், நாலு பேர் கேட்க, வேறொருவர் வாயால் தெரிந்திருக்கிறது. கையில் இருந்த வாழையிலையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டிருக்கிறார்.

"எனக்கு இப்பிடி ஒரு பிள்ளை இல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். "சொல்லேக்க வாய் நோகேல்ல ரீச்சர். பிறகுதான் நொந்துது."

அதற்குப் பிறகு மகள் போன் எடுக்கவில்லை. குரலைப் பதிந்து அனுப்பினால் கேட்பதில்லை. அம்மாவின் குரலில் எப்போதும் அழுகையும் கூச்சலும் இருக்கிறது, எழுத்தென்றால் அமைதியாகப் படிக்கலாம் என்பது அவள் கட்சி. இதில் ஒரு சிக்கல். இரண்டு பேரும் வீட்டில் பேசியது தமிழ். ஆனால் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதே கூடத்தில், கீழ்த்தளத்தில்தான் அ, ஆ படித்திருக்கிறாள். இரண்டாம் வகுப்போடு ஏலாது என்று நிறுத்திவிட்டாள்.

"நானும் விட்டிட்டன். எனக்கு அப்ப வேலை கூட" என்றார் அக்கா. தாய்க்கோ ஜெர்மனில் எழுத வராது. இத்தனை வருடம் பேசிச் சமாளித்துவிட்டார். ஜெர்மன் எழுத்தைக் கண்டால் அலுவலகக் கடிதம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். ஒரு வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து இருந்த இரண்டு பேருக்குக் கடிதம் எழுத ஒரு மொழி இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"வேற யாராவது எழுதித் தரலாமே அக்கா?"

"வேறை ஆக்கள் வாயாலதானே எல்லாம் வந்தது" என்றார். "இது நானே எழுதோணும்."

ஜனவரியில் அவரைத் தனியாக உட்கார வைத்தேன். இயந்திரம் மொழிபெயர்க்கும் பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினேன். இடப்பக்கம் தமிழில் எழுதினால் வலப்பக்கம் ஜெர்மனில் வரும். அதை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் முடிந்தது. முதன்முதலாக அவர் ஒற்றை விரலால் ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடித் தட்ட, திரையில் 'அம்மா' என்று வந்தது. அவர் கையை எடுத்துவிட்டார். கீழே பிள்ளைகள் அதே நேரம் எதையோ கூவிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே சத்தமே இல்லாமல் பனி பெய்தது. அந்த அறை அப்படியே தரையை விட்டுக் கொஞ்சம் மேலே மிதப்பதாக எனக்குத் தோன்றியது. தூக்கக் கலக்கம்தான். ஆனாலும் நான் அசையாமல் நின்றேன், அசைந்தால் இறங்கிவிடும் என்று பயந்து.

எழுதுவது லேசாக இல்லை. அவர் பேசுகிற மாதிரியே எழுதினார். மகளை விளிக்க முதலில் 'என்ர குஞ்சு' என்று அடித்தார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள், காரணத்தை இங்கே எழுத முடியாது. இயந்திரம் அதைக் கோழிக்குஞ்சாக்கிக் கொடுத்தது. 'கட்டிக் கொஞ்சோணும்' என்று எழுதினார். அது கட்டையும் கொஞ்சத்தையும் தனித்தனியாகப் பிடித்துக்கொண்டு, எதையோ கட்டி எதையோ குறைத்து, எனக்கே தலை சுற்றியது.

"இதுக்கு உங்க பேச்சு புரியலைக்கா. புத்தகத்துல எழுதுற தமிழ்ல எழுதுங்க. சின்னச் சின்ன வாக்கியமா" என்றேன்.

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வாரா வாரம் வந்து, எழுதி, அழித்து, மீண்டும் எழுதினார். துணி மடிக்கும்போது மனசுக்குள் வாக்கியங்களையும் மடித்து வைப்பாராம். பக்கம் பக்கமாக இருந்தது, வாரம் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. கோயில் பந்தி போனது. அந்த ஜெர்மன் பையன் போனான். தன் கஷ்டம் போனது. மார்ச் மாதம் வயலில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஏரி தெரியத் தொடங்கியபோது மூன்று வாக்கியம் மிஞ்சியிருந்தது.

"ரீச்சர், கொஞ்சம் அங்கால திரும்புங்கோ" என்றார். "இது எனக்கும் என்ர பிள்ளைக்கும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி அந்த இல்லாத ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் விசை ஒவ்வொன்றாக விழுந்தது. "இப்ப வலப்பக்கத்தை எடுத்து ஒட்டணும்" என்று திரும்பாமலே சொன்னேன். "வலப்பக்கத்துல என்ன வந்திருக்குன்னு ஒரு தடவை பாருங்கக்கா."

"அது பிள்ளையின்ர பக்கம். நான் ஏன் பாக்க?" என்றார். அனுப்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை பதில் வந்திருந்தது. அக்கா வகுப்புக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே மகளின் ஜெர்மன் வரியை எடுத்து மொழிபெயர்ப்புப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு ஒரு சத்தம் போட்டார். எல்லோரும் ஓடினோம். வலப்பக்கத்துத் தமிழை விரலால் தொட்டுத் தொட்டு அவரே வாசித்தார்.

"அப்படியென்றால் வந்து என்னை அணைத்துவிடு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முன்வரிசை அம்மா அழவே தொடங்கிவிட்டார். "மிசின் அம்மாவை நீ எண்டு சொல்லுது, பாத்தீங்களே" என்று அக்கா சிரித்தார். "பரவாயில்லை, பரவாயில்லை." 'அணைத்துக்கொள்' என்றல்லவா வந்திருக்க வேண்டும் என்று என் மூளையின் ஓரத்தில் ஏதோ ஒன்று முணுமுணுத்தது. இயந்திரத் தமிழ்தானே என்று அதை அதட்டி உட்கார வைத்தேன்.

"வரச் சொல்லுறாள். நான் போட்டு வாறன் ரீச்சர்." கைப்பையைத் தூக்கிக்கொண்டு, சால்வையை ஒரு தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, படியில் இறங்கி ஓடினார். ஜன்னலிலிருந்து பார்த்தோம். பஸ் நிறுத்தத்தை நோக்கி அந்த வயதில் அவர் ஓடிய ஓட்டம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து கார்ல்ஸ்ரூஹே.

வகுப்பு முடிந்து எல்லோரும் திரையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்காவின் கணினி மட்டும் விழித்தபடி இருந்தது. அணைத்துவிட்டுப் போகலாம் என்று போய் உட்கார்ந்தேன். அவர் அஞ்சல் பெட்டியை மூடவில்லை. மகளின் பதில் ஜெர்மனில் அப்படியே திறந்து கிடந்தது. படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் கண் படித்துவிட்டது.

அதில் இருந்த வினைச்சொல் ஆவுஸ்ஷால்டன். அது எனக்குத் தெரியும். நான் போய்க்கொண்டிருந்த ஜெர்மன் வகுப்பில் வீட்டுச் சாமான்கள் பாடத்தில் சொல்லிக் கொடுத்தது. சலவை இயந்திரத்தை, அடுப்பை, விளக்கை நிறுத்துவது. மனிதர்களைக் கட்டிக்கொள்வதற்கு அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். மனிதர்களுக்கு அதைச் சொன்னால், ஒழித்துக்கட்டுவது என்று பொருள்.

கீழே, பதிலுக்கு அடியில், அம்மா அனுப்பியதும் இருந்தது. மூன்று வாக்கியம். எனக்குக் கோபம் இல்லை. உன்னை ஒரு முறை ஆவுஸ்ஷால்டன் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

அக்கா எழுதியது எனக்கு உடனே விளங்கிவிட்டது. உன்னை ஒருமுறை அணைக்க வேண்டும். நான் சொன்னபடி புத்தகத் தமிழில், சின்ன வாக்கியமாக, தன் ஊர்ப் பொருளில் எழுதியிருக்கிறார். அந்த இயந்திரம் தமிழ் படித்தது எங்கள் ஊர்ப் பக்கம்தான் போலிருக்கிறது, அணைப்பதென்றால் நிறுத்துவது என்று எடுத்துக்கொண்டது. பெற்ற தாயிடமிருந்து, இத்தனை நாள் கழித்து, அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்த கடிதம் இது. அவள் எழுதிய பதில், அப்படியென்றால் வந்து என்னை ஒழித்துக்கட்டு. அதைத் திரும்பத் தமிழாக்கும்போது இயந்திரம் பழைய சொல்லுக்கே வந்துவிட்டது. அதைத்தான் அக்கா தொட்டுத் தொட்டு வாசித்தார். அதை நம்பித்தான் ரயில் ஏறியிருக்கிறார்.

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அணைத்து வைத்திருப்பதாக ஜெர்மன் குரல் ஒன்று சொன்னது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மகளின் முகவரி கண் முன்னால், குரங்கோடு, திரையில் இருந்தது. ஆங்கிலத்திலாவது இரண்டு வரி எழுதிவிடலாமா? எழுதினால், அக்கா 'எனக்கும் என்ர பிள்ளைக்கும்' என்று என்னைத் திரும்பி நிற்கச் சொன்னதற்கு என்ன மதிப்பு? வேறு ஆட்கள் வாயால் வந்துதானே எல்லாம் கெட்டது என்றார். விசைப்பலகையில் கையை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். வெளியே அந்தப் பொய் ஏரி மேல் வெயில் சாய்ந்து, வயல் முழுக்கத் தண்ணீராகவே ஆகிவிட்டது. அதற்குள் ரயில் போய்ச் சேர்ந்திருக்கும். கணினியை நிறுத்திவிட்டு, விளக்கைப் போடாமல், அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் ஒரு கதவு திறந்தது, உள்ளே யார் நிற்கிறார்கள் என்று தெரியாமலே மூடியது. அக்கா போன் எடுக்கவில்லை. என் செய்தியைப் பார்த்ததற்கும் அடையாளம் இல்லை. "நீ என்ன பண்ணுவ, வார்த்தை அப்படி" என்றார் கணவர். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்கா முதல் ஆளாக வந்தார். கையில் ஒரு பெரிய டப்பா, அது நிறையப் பொரித்த ரோல்ஸ். அவருக்குப் பின்னால் படியேறி வந்தாள் ஒரு பெண், அம்மாவை விட ஒரு தலை உயரம், மழைக்கோட்டு.

"இதுதான் என்ர பிள்ளை" என்றார் அக்கா. டப்பாவைத் திறந்து ஒவ்வொருவர் கையிலாகத் திணித்துக்கொண்டு போனார். போனைத் தண்ணீரில் போட்டுவிட்டாராம், அது வேலை செய்யவில்லையாம், போகிற போக்கில் சொன்னார். ஒரு வாரம் நான் செத்துப் பிழைத்ததற்கு அதுதான் காரணம். எனக்குக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது.

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மகள் என்னை வெளியே, படிக்கட்டருகே கூப்பிட்டாள்.

"அந்த மெயிலை ஆரோ எழுதிக் குடுத்ததெண்டு நினைச்சன்" என்றாள். "பொலிசுக்குக் காட்டுவமோ எண்டு எங்கட ஆள் கேட்டவர்."

"ஐயோ" என்றேன்.

"முதல்ல அழுதன். பிறகு கோவம் வந்துது. வாங்கோ, வந்து செய்யுங்கோ எண்டு எழுதினன். பெல் அடிக்குது. திறந்தால் அம்மா. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்தா. 'வரச் சொன்னாய், வந்திட்டன்' எண்டா. நான் சண்டைக்கு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தனான், டொய்ச் பாசையில. ஒரு சொல்லும் சொல்ல ஏலேல்ல. பிடிச்ச பிடியை விட்டால்தானே."

"அப்புறம் எப்ப புரிஞ்சுது?"

"பிறகு சோபாவில இருந்து, தான் எழுதினதை அம்மா தமிழில சொன்னா. பாடமாக்கி வச்சிருக்கிறா. அதைக் கேக்கத்தான் விளங்கிச்சு." கீழே பிள்ளைகள் எழுத்துகளை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஆனா நான் என்ன எழுதினன் எண்டு அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லேல்ல. என்ர பிள்ளை தன்னைக் கட்டிப்பிடிக்கச் சொல்லிக் கேட்டவள் எண்டு வேலையிடம் முழுக்கச் சொல்லியாச்சு. நீங்களும் சொல்லாதேங்கோ."

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "போன வாரம் அணைக்கிறப்ப கண்ணுல பட்டுடுச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எதை அணைக்கேக்க?"

முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அவளுக்கு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதில் என் ஒரு வாரத்துப் பட்டினியும் கரைந்து போயிற்று. உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. "பிள்ளை, ரீச்சரை மினக்கெடுத்தாதை. வா, இதை எப்பிடி நூர்க்கிறதெண்டு பாப்பம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். கதவருகில் நின்றாள்.

"ரீச்சர், மிசின் பிழை விட்டது அம்மாவின்ர மெயிலில மட்டும்தான்" என்றாள். "என்ரையை அது என்ர மனசுக்குச் சரியாத்தான் மாத்தினது."

சொல்லிவிட்டு அம்மாவிடம் உள்ளே போனாள்.